கொலு பொம்மை செய்பவர் தொழில் திட்டம் போடுவது எப்படி?

காகிதக்கூழில் கொலு பொம்மை செய்து விற்கிறேன். முதல் 3 வருடமும் ஒரே கதைதான். விஜயதசமியன்று கையில் பணம் இருக்கும், தை பிறக்கும்போது கூழுக்குச் சுண்ணாம்புத்தூள் வாங்கக் கடன் கேட்டு நிற்பேன். பொம்மை விற்காமல் இல்லை, செய்ததெல்லாம் போய்விடும். அப்புறம் பணம் எங்கே போகிறது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் திட்டம் என்ற ஒன்று உருவானது. அதே வரிசையில் இங்கே தருகிறேன். அச்சு எடுப்பது, வார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பானை வனைந்தாலும் தஞ்சாவூர் ஓவியம் தீட்டினாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

படி 1: கைநேரத்தை எழுதுங்கள்

ஒரு நீள நோட்டு, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், சமையலறைத் தராசு. இவை போதும். கணக்கு எழுதும் செயலிகளை முதல் வருடம் தொடாதீர்கள். கூழ் ஒட்டிய கையோடு போனில் எதையும் நிரப்ப முடியாது, நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். நோட்டும் பென்சிலும் வேலைப் பலகையிலேயே கிடக்கட்டும்.

ஒரு தசாவதாரம் செட்டை எடுத்துக்கொண்டேன். வார்த்து, ஒட்டி, உப்புத்தாள் தேய்க்க 5 மணி. வெள்ளை அடிக்க 2 மணி. வர்ணம், நகை, கண் எல்லாம் சேர்த்து 10 மணி. வார்னிஷ் அடித்துப் பெட்டி கட்ட 1 மணி. மொத்தம் 18. மச்சாவதாரத்துக்கு வர்ணம் பூச 35 நிமிடம்தான் ஆனது. நரசிம்மரின் பிடரிக்கும் மடியில் கிடக்கும் இரணியனுக்கும் மட்டும் 1 மணி 40 நிமிடம்! பத்து பொம்மைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கும் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

படி 2: விலை (நான் விழுந்த இடம் இதுதான்)

அந்த செட்டை 1,400 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன். பொருள் செலவு 620, ஆக 780 லாபம் என்று நினைப்பு. மின்சாரம், பிரஷ், அச்சுத் தேய்மானம், பஸ் கட்டணம் என்று செட்டுக்கு 150 கழித்தால் 630. அதை 18 மணியால் வகுத்தேன். மணிக்கு 35 ரூபாய். அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது போடும் கணக்கு இது. என் கூலி மணிக்கு 75 ரூபாய், 18 மணிக்கு 1,350. பொருள் 620, மற்ற செலவு 150. கூட்டினால் 2,120. இதோடு நிறுத்தினால் மறுபடியும் நஷ்டம்தான், ஏனென்றால் பத்து செட் செய்தால் ஒன்று விரிசலிலோ உடைசலிலோ போகும். அந்த ஒன்றின் செலவையும் மற்ற ஒன்பதும்தான் சுமக்க வேண்டும். 2,120ஐ 0.9ஆல் வகுத்தால் 2,356. அடுத்த வருடத்துப் புது அச்சுக்கென்று கொஞ்சம் சேர்த்து 2,700 என்று வைத்தேன்.

கூலி வேறு, லாபம் வேறு. இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். கூலி வீட்டுக்கு, லாபம் தொழிலுக்கு. இதற்காகவே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, கியூஆர் அட்டையையும் அந்தக் கணக்குக்கு மாற்றினேன்.

படி 3: கடைக்குக் கொடுக்கலாமா?

ஒரு கடைக்காரர், "வித்தா காசு, விக்காட்டி பொம்மை, அவ்வளவுதாம்மா" என்று 8 செட் வாங்கிக்கொண்டார். தீபாவளி கழித்துத்தான் பணம் வந்தது. திரும்பி வந்த 3 செட்டில் ஒரு பரசுராமருக்குக் கோடரி இல்லை, ஒரு கல்கிக்குக் குதிரையின் காதில்லை. அந்த நஷ்டமும் எனக்கே.

கடைக்காரர் 30 சதவீதம் எடுத்தால் 2,700இல் நமக்கு வருவது 1,890. அடக்கவிலையே 2,356. ஆகவே பெரிய செட்டை நேரடியாக மட்டும் விற்கிறேன். கடைக்குக் கிளி, செட்டியார் ஜோடி போன்ற, நேரம் குறைவாகப் பிடிக்கும் பொம்மைகள்தான். அதுவும் எண்ணிக்கை, விலை, பணம் தரும் தேதி, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு.

படி 4: நவராத்திரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நவராத்திரி 2023இல் அக்டோபர் 15இல் தொடங்கியது, 2024இல் அக்டோபர் 3, 2025இல் செப்டம்பர் 22. போன வருடத் தேதியை மனதில் வைத்து வேலை செய்தால் சில வருடம் பத்துப் பன்னிரண்டு நாள் காணாமல் போகும். பஞ்சாங்கம் வந்ததும் மகாளய அமாவாசையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூழ் காயாது. தை முதல் ஆடி வரை 7 மாதம், மாதம் 24 நாள், நாளுக்கு 5 மணி என்றால் 840 மணி. 18ஆல் வகுத்தால் 46 செட், தேறுவது 41. 2,700 வீதம் 1,10,700 ரூபாய். 46 செட்டுக்கான பொருளும் மற்ற செலவும் 35,420 போக மீதி 75,280. வருடத்தின் 12 மாதத்துக்கும் பிரித்தால் மாதத்துக்கு 6,273 ரூபாய். அத்தனை பொம்மையும் விற்றால்கூட இவ்வளவுதான்.

இதைப் பார்த்த பிறகுதான் பழைய பொம்மைகளுக்கு வர்ணம் பூசித் தரும் வேலையை எடுத்தேன். பொருள் செலவு மிகக் குறைவு, வார்ப்பு இல்லை, மழைக்காலத்திலும் வீட்டுக்குள் செய்யலாம், பாதிப் பணம் முன்பணமாக வரும். பாட்டி காலத்துப் பொம்மையைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது.

படி 5: பதிவும் கடனும்

உத்யம் பதிவு என்பது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரோடு செய்வது, முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசு தளம் இல்லை. பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டுக்குள் விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் தவணை மாதாமாதம் வரும், நம் பணமோ புரட்டாசியில்தான் வரும். பங்குனியிலும் சித்திரையிலும் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்பதை நோட்டில் எழுதிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

பின்சேர்க்கை: "எங்கள் ஊரில் 2,700 கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள்" என்று பலர் எழுதியிருந்தார்கள். கூலியைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பொம்மையாக முடிப்பதில்லை. 6 செட்டை வரிசையாக வைத்து, ஒருநாள் முழுக்க மேனி வர்ணம், மறுநாள் வேட்டி, அதற்கடுத்த நாள் தங்க வர்ணம். பிரஷ் கழுவும் நேரம், வர்ணம் கலக்கும் நேரம் மிச்சமாகி 18 மணி 14 ஆனது. அடக்கவிலை 2,022க்கு இறங்கியது. நரசிம்மரை மட்டும் இன்னும் தனியாகத்தான் செய்கிறேன்.