ஃபெடோரா வெளியீட்டு விழா: தர்மபுரியில் உட்கார்ந்தபடியே கலந்துகொள்வது எப்படி?

வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும், ஃபெடோரா லினக்ஸின் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச மென்பொருள்) புதிய பதிப்பு வருகிறது. வந்த பிறகு அதை உருவாக்கியவர்களும் பயன்படுத்துகிறவர்களும் ஒரு நாள் கூடுவார்கள். ரிலீஸ் பார்ட்டி என்று பெயர். முன்பு அந்தந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து கேக் வெட்டுவதோடு சரி. 2020ல், கொரோனா காலத்தில், ஃபெடோரா 33 வந்தபோது விழா இணையத்துக்கு மாறியது. நமக்கு அது நல்லதாகப் போயிற்று. பெங்களூரில் நடந்தால் ஓசூர்க்காரர்கள் ஒரு எட்டு போய் வந்துவிடலாம். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ இதற்கென்று யார் பஸ் ஏறுவார்கள்?

கட்டணம் கிடையாது. ப்ரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிற மாணவரும் போகலாம், பாலக்கோட்டில் டிடிபி கடை வைத்திருப்பவரும் போகலாம். யாரும் தகுதி கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசுகிறவர்களின் வீடியோ பெரும்பாலும் பிறகு யூடியூபில் வந்துவிடும். அதை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிற அரட்டையில் அன்றைக்கு மட்டும் கூடுகிற ஆட்கள்தான் பிறகு கிடைக்க மாட்டார்கள். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த அரட்டையை மனதில் வைத்து எழுதியவை.

1. தேதி உறுதியாகும்வரை பொறுங்கள்

ஃபெடோராவில் தேதி குறித்தாலும் அன்றைக்கே வெளிவரும் என்று சொல்ல முடியாது. வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போடுவார்கள். பெரிய பிழை ஏதாவது தீராமல் கிடந்தால் ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள், தேவைப்பட்டால் இன்னொரு வாரம். 2022ல் ஃபெடோரா 37 அக்டோபரில் வந்திருக்க வேண்டியது. தகவலை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதால் நவம்பர் 15 அன்றுதான் வந்தது. ஆகவே வெளியீட்டு நாளை வைத்து விழா நாளைக் கணக்குப் போடாதீர்கள். விழாவுக்குத் தனி அறிவிப்பு வரும். எந்தத் தளத்தில் நடக்கிறது என்பதும் அதில்தான் இருக்கும். தளம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை, ஆரம்ப வருடங்களில் ஹாப்பின் என்ற தளத்தில் நடந்தது. பதிவு செய்யச் சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

2. நேரம்: புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்

அறிவிப்பில் நேரம் பெரும்பாலும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 15:00 யுடிசி என்றால் இங்கே இரவு 8:30, வேலை முடித்து வீடு வந்தவருக்கு வசதியான நேரம். 20:00 யுடிசி என்றால் இரவு 1:30 ஆகிவிடும், தேதியும் மாறிவிடும். வெள்ளிக்கிழமை என்று போட்டிருப்பது நமக்குச் சனிக்கிழமை விடியலுக்கு முன்.

அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பப் பின்னே கொண்டுவருவார்கள். அவர்களுடைய காலை 10 மணி, அந்த ஞாயிறுக்கு முன்னால் நமக்கு இரவு 7:30, பிறகு 8:30. ஐரோப்பாவில் அதே மாற்றம் அக்டோபர் கடைசி ஞாயிறில் நடக்கிறது. அக்டோபர் பதிப்பின் விழா இந்தக் குழப்பத்துக்கு நடுவில் விழலாம். மனக்கணக்கு வேண்டாம். போனில் கடிகாரச் செயலியைத் திறந்து உலக நேரத்தில் அந்த ஊரைச் சேர்த்துப் பாருங்கள், பிறகு காலண்டரில் நம் நேரத்தில் குறித்து அலாரம் வையுங்கள்.

3. மேட்ரிக்ஸ் கணக்கு

ஃபெடோரா ஆட்களின் அரட்டை மேட்ரிக்ஸ் என்ற இணைய அரட்டை வலையமைப்பில் நடக்கிறது. அதற்கு எலிமென்ட் என்ற செயலி போதும், போனிலும் ஓடும், உலாவியிலும் திறக்கலாம். வாட்ஸ்அப் மாதிரி போன் நம்பரைக் கொடுத்துத்தான் சேர வேண்டும் என்பதில்லை. பயனர் முகவரி ஆங்கில எழுத்தில்தான் அமையும், வெளியே தெரிகிற பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கணக்கு தொடங்கியதும் அமைப்புகளில் ஒரு மீட்புச் சாவி எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் மாற்றும்போது மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட பழைய உரையாடல்களைத் திறக்க அது வேண்டும்.

இதை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே செய்து, ஃபெடோராவின் பொது அறையில் சும்மா எட்டிப் பாருங்கள். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு பிடி கிடைத்துவிடும்.

4. பதிப்பை ஒரு தடவையாவது தொட்டுப் பாருங்கள்

கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல் சாப்பிட்டு வருகிறவர்கள் உண்டு. இங்கே அப்படிப் போனால் பேச எதுவும் இருக்காது.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஃபெடோரா மீடியா ரைட்டர் என்ற கருவியை விண்டோஸிலேயே இறக்கி, அதைக் கொண்டு ஃபெடோராவை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். இறக்க வேண்டிய கோப்பு 2 ஜிபிக்கு மேல் வரும், மொபைல் டேட்டாவில் இறக்குவதாக இருந்தால் அன்றைய மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். தங்கச்சி கல்யாண போட்டோ இருக்கிற பென்டிரைவை எடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் ஆகும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். இன்ஸ்டால் பொத்தானைத் தொடாதவரை உங்கள் ஹார்ட்டிஸ்கில் எதுவும் மாறாது.

உள்ளே போனதும் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். தமிழ்99 விசைப்பலகை இருக்கும், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஒரு பத்தி தமிழில் அடித்துப் பாருங்கள். எழுத்து சரியாக விழுகிறதா, மொழியையும் தமிழாக மாற்றினால் மெனு எங்கெல்லாம் ஆங்கிலத்திலேயே நிற்கிறது? விழாவில் கேட்க உங்களுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. இதை அங்கே வருகிறவர்களில் மிகச் சிலர்தான் கவனித்திருப்பார்கள், அதனால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

5. கரண்டும் நெட்டும்

ஐப்பசி மழையில் இரவு எட்டரைக்குக் கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. போனை முழு சார்ஜில் வையுங்கள், அதிலும் எலிமென்ட் போட்டு வையுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி மலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் வீட்டில் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறதோ அங்கே நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோ திக்கினால் தரத்தைக் குறைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீடியோவை மூடிவிட்டு அரட்டையில் மட்டும் இருங்கள், எழுத்துக்கு ரொம்பக் கொஞ்சம் டேட்டா போதும்.

6. உள்ளே போனதும்

மைக், கேமரா இரண்டையும் அணைத்துவிட்டு நுழையுங்கள். கேமராவைப் போடச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அதோடு நிகழ்ச்சி பதிவாகலாம், பின்னால் கொடியில் துணி காய்வது உலகத்துக்குத் தெரிய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

அரட்டையில் முதல் வரியாகப் பெயரும் ஊரும் போதும். "வணக்கம், தர்மபுரியிலிருந்து" என்று தமிழிலேயே போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறவர்களுக்கு: அங்கே இருக்கும் பிரேசில்காரருக்கும் செக் நாட்டுக்காரருக்கும்கூட அது தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

சார், மேடம் வேண்டாம். ப்ராஜெக்டை நடத்துகிறவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், இரண்டு நிகழ்ச்சியில் பழகிவிடும். தனிச் செய்தியில் போய் "ஹாய்" போடுவதும் "ஒரு டவுட் கேட்கலாமா" என்று அனுமதி கேட்டு நிற்பதும் அங்கே எடுபடாது. பொது அறையிலேயே நேராகக் கேளுங்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று வரியில் வந்தால் பதில் சீக்கிரம் வரும். "தமிழுக்கு எப்போது சப்போர்ட் வரும்" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பேசவே பிடிக்காவிட்டால் நல்ல பேச்சுக்குக் கைதட்டும் எமோஜி போட்டுவிட்டு இருங்கள். அதுவும் கலந்துகொள்வதுதான்.

7. நாலு பேர் சேர்ந்து பார்ப்பதென்றால்

கல்லூரி லேபிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ கூடினால் களை கட்டும். ஆனால் ஒரே அறையில் மூன்று லேப்டாப்பில் ஸ்பீக்கரைத் திறந்துவைத்தால் காதைக் கிழிக்கிற மாதிரி ஊளையிடும். ஒரே ஒரு லேப்டாப் ப்ரொஜெக்டரோடு இணைந்து நிகழ்ச்சியில் இருக்கட்டும், மைக்கும் ஸ்பீக்கரும் அதில் மட்டும். மற்றவர்கள் தங்கள் போனில் அரட்டையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். லேப் என்றால் வாட்ச்மேனிடம் இரவு பத்து மணிவரை ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போண்டா, டீ உங்கள் பொறுப்பு.

8. விழா முடிந்த பிறகு

அரட்டை அறை மறுநாளும் திறந்தே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஃபெடோரா ஜாயின் என்றே ஒரு குழு இருக்கிறது, அதன் அறையில் போய் எனக்கு இன்னது செய்ய விருப்பம் என்று சொன்னால் போதும். தமிழிலேயே பேசிப் பழக வேண்டும் என்றால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிட்சி என்ற வீடியோ அழைப்புத் தளத்தில் கூடுகிறது. கலந்துகொள்கிறவர்களுக்குக் கணக்கு வேண்டாம், இணைப்பைத் தட்டினால் நுழைந்துவிடலாம்.

நான்காவது படியில் ஆங்கிலத்திலேயே நின்ற மெனுக்களைப் பார்த்தீர்கள் அல்லவா? ஃபெடோராவின் சொந்தக் கருவிகளுக்கான மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது, உலாவியிலேயே செய்யலாம். ஃபெடோரா கணக்கு ஒன்று தொடங்கி, தமிழைத் தேர்ந்தெடுத்து, ஒரு சொல், இரண்டு சொல் உள்ள வரிகளை முதலில் எடுங்கள். உறுதியாகத் தெரியாத இடத்தில் சேமிக்காமல் பரிந்துரையாக மட்டும் போட்டுவையுங்கள், இன்னொருவர் பார்த்து ஏற்றுக்கொள்வார்.