வைஃபை வைத்த அன்றே செய்யவேண்டிய வேலைகள்

புது ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் கேபிளை இழுத்து, பெட்டியைச் சுவரில் மாட்டி, உங்கள் செல்போனில் யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வைஃபையின் பெயர் பெரும்பாலும் உங்கள் பெயராக இருக்கும், பாஸ்வேர்டு உங்கள் மொபைல் எண்ணாக இருக்கும். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி, அவரைக் குறை சொல்ல முடியாது. நெட் வருகிறதா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. அடுத்தவர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வீட்டுக்கும் இது பொருந்தும், ஆனால் நான் முக்கியமாகச் சொல்வது ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், மொத்த வியாபாரக் கடை வைத்திருப்பவர்களுக்கு. அங்கே கணக்கு ஓடும் கணினியும், சிசிடிவி கேமராவும், வந்து உட்காரும் வாடிக்கையாளரின் செல்போனும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன.

முதலில் ரௌட்டரின், அதாவது வைஃபை தரும் அந்தப் பெட்டியின் இடம். இரும்பு பீரோ மேலே, டிவிக்குப் பின்னால், மின்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கான்கிரீட் சுவரும் இரும்பும் சிக்னலைத் தின்றுவிடும். கட்டடத்தின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் நல்லது. மாடிக்கு எட்டவில்லை என்றால் உடனே சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்க ஓடவேண்டாம், பல ரிப்பீட்டர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் கருவி) வைத்தால் தொந்தரவே இருக்காது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடலாம்.

சரி, இப்போது ரௌட்டருக்குள் போவோம். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் ரௌட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வைஃபையிலேயே உட்கார்ந்து வைஃபை செட்டிங்கை மாற்றினால் பாதியில் தொடர்பு அறுந்துவிடும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் போட்டால் லாகின் பக்கம் வரும். இங்கே கேட்கும் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. எல்லோரும் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு முதலாவதை 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். இதை மாற்றாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. உள்ளே நுழைந்த ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைத் தேடித் தரும் சேவை) முகவரியை மாற்றி, நீங்கள் ஒரு தளத்தைக் கேட்கும்போது வேறு எங்கோ திருப்பிவிட முடியும். 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு வழியாகத்தான் பரவியது. கம்பெனியில் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டுகளின் ஒரு சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டு, மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது. அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் முடங்கின. ஆகவே இந்தப் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள், காகிதத்தில் எழுதுவதில் தவறே இல்லை. அப்புறம் ஒன்று, பழுது பார்க்க வருபவர் பின்னால் இருக்கும் ரீசெட் துளையைக் குத்தினால் நீங்கள் செய்தது எல்லாம் அழிந்து பழைய பாஸ்வேர்டே வந்துவிடும், அவர் போனதும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

சில இணைப்புகளில் நிறுவனம் கொடுக்கும் பெட்டியில் பாதி செட்டிங்குகள் பூட்டியிருக்கும். அப்படியானால் சொந்தமாக ஒரு ரௌட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டி, நிறுவனப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அலுவலகத்துக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன்.

அடுத்து வயர்லெஸ் செக்யூரிட்டி, அதாவது காற்றில் போகும் தகவலைப் பூட்டும் முறை. பட்டியலில் டபிள்யூஇபி என்று இருந்தால் தொடவே வேண்டாம், அது 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் போதுமானது, 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இன்னும் நல்லது. பழைய பிரிண்டர் எதுவும் டபிள்யூபிஏ3-இல் சேரவில்லை என்றால் இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். டிகேஐபி என்ற பழைய முறை வேண்டாம்.

பாஸ்வேர்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். டபிள்யூபிஏ2-இல் உங்கள் செல்போன் ரௌட்டரோடு சேரும் அந்த நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை வெளியில் நிற்கும் ஒருவர் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கப்புறம் அவர் உங்கள் வாசலில் நிற்கவே தேவையில்லை, வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம், எத்தனை தடவை தவறினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. நம் ஊர் மொபைல் எண் 6 முதல் 9 வரையான எண்ணில்தான் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு இது சில மணி நேர வேலை. கடையாக இருந்தால் அதுகூடத் தேவையில்லை, எண்ணைத்தான் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோமே! 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, தபால், ஏணி, கொலுசு, பதினாறு என்பது மாதிரி. நினைவில் வைப்பதும் சுலபம், செல்போனில் தட்டுவதும் சுலபம். இந்த எடுத்துக்காட்டையே வைத்துவிடாதீர்கள். வைஃபைக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம்.

பாஸ்வேர்டு போடாமலே கருவிகளைச் சேர்க்க டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதை அணையுங்கள். அதன் ரகசிய எண் (PIN) 8 இலக்கம், ஆனால் ரௌட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-இல் தெரியவந்தது. வெளியிலிருந்து ரௌட்டர் செட்டிங்குக்குள் போக விடும் ரிமோட் மேனேஜ்மென்ட், உள்ளே இருக்கும் கருவிகள் தாமாகவே வெளியிலிருந்து வர வழி திறக்க விடும் யுபிஎன்பி இரண்டையும் சேர்த்து அணைத்துவிடுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பது, மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வைத்து வடிகட்டுவது இவற்றைப் பலர் சிபாரிசு செய்வார்கள், எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருளே இருக்கிறது, மேக் முகவரியை யாரும் நகலெடுக்கலாம்.

இனி அலுவலகத்துக்கு மிக முக்கியமானது, கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரௌட்டரில் தனியாக ஓடும் இன்னொரு வைஃபை. வாடிக்கையாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் இதை மட்டும் கொடுங்கள். கணக்குக் கணினியும் பிரிண்டரும் முதன்மை நெட்வொர்க்கில் இருக்கட்டும். ஸ்மார்ட் டிவி, வைஃபை கேமரா போன்றவற்றையும் கெஸ்ட் பக்கம் தள்ளிவிடலாம். கெஸ்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி ஏபி ஐசொலேஷனை ஆன் செய்யுங்கள். கெஸ்டுக்கும் பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் கெஸ்ட் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றுங்கள், ஊழியர் யாராவது வேலையை விட்டுப் போனால் முதன்மை பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள். அவர் மேல் சந்தேகம் என்பதற்காக இல்லை, அவர் செல்போன் யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

இதெல்லாம் முடிந்தபின் மாதம் ஒருமுறை உள்ளே போய் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். தெரியாத பெயர் இருந்தால் பதறாதீர்கள், இப்போதைய செல்போன்கள் தங்கள் மேக் முகவரியை மாற்றிக் காட்டுவதால் உங்கள் செல்போனே அடையாளம் தெரியாமல் இருக்கலாம். வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தும் அது மிச்சம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டு, ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் ரௌட்டர் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, அதனால் மின்வெட்டு அடிக்கடி இருக்கும் ஊரில் ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். தயாரித்த நிறுவனமே அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட ரௌட்டர் என்றால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதை மாற்றிவிடுங்கள்.