சிறு முதலீட்டுப் படத்தை விற்றுப் பணம் பார்ப்பது எப்படி?

முதல் பிரதி தயாரானதும் புதிய தயாரிப்பாளர்கள் பலரும் தியேட்டர் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள். அதற்கு முன்பே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: படத்தின் உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதிக்கொள்வது. தமிழ்நாட்டுத் திரையரங்கு, கேரளம், கர்நாடகம், வெளிநாடு, சாட்டிலைட் (தொலைக்காட்சி), டிஜிட்டல் (ஓ.டி.டி.), ஆடியோ, இந்தி டப்பிங், ரீமேக் என ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் வேறு, விலை படியும் காலமும் வேறு. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு ‘எல்லா உரிமையும் சேர்த்து’ என்று வரும் விலை, பெரும்பாலும் தயாரிப்பாளரின் வட்டி நெருக்கடியை மோப்பம் பிடித்துச் சொல்லப்படும் விலையே.

தணிக்கைக்கு அனுப்பும்போதே தொலைக்காட்சியை மனத்தில் வைக்க வேண்டும். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது என்பதால், இரண்டு வசனங்களுக்காகப் பிடிவாதம் பிடித்து சாட்டிலைட் வியாபாரத்தை இழப்பதா என்பதைப் படத்தொகுப்பு மேசையிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

திரையரங்கு வியாபாரத்தில் அவுட்ரைட்டும் (ஒரே விலைக்கு முழுதாக விற்பது) எம்.ஜி.யும் (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை வாங்கிக்கொண்டு தருவது) பெரிய படங்களுக்கு உரியவை. சின்னப் படத்துக்குக் கிடைப்பது அநேகமாக கமிஷன் அடிப்படையிலான வெளியீடுதான். விளம்பரச் செலவு முழுவதும் தயாரிப்பாளர் தலையில்தான் விழும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 திரைகளில் நாளுக்கு ஒரு காட்சி, காட்சிக்குச் சராசரியாக 60 பேர், வரி போக டிக்கெட்டுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வெள்ளி முதல் ஞாயிறு வரை வசூல் 3,60,000 ரூபாய். தியேட்டர் பங்கு போகப் பாதி நமக்கு ஷேராக வந்தால் 1,80,000 ரூபாய். விநியோகஸ்தர் கமிஷன், டிஜிட்டல் திரையிடலுக்கான வி.பி.எஃப். கட்டணம், போஸ்டர் ஒட்டும் கூலி எல்லாம் அதில்தான் கழிய வேண்டும். (அந்த வி.பி.எஃப்.பை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச்சில் புதுப் பட வெளியீட்டையே நிறுத்திப் போராடினார்கள்.) ஆகவே தியேட்டர் வெளியீட்டை வரவுப் பக்கத்தில் அல்ல, விளம்பரச் செலவுப் பக்கத்தில் எழுதுவதே நியாயமான கணக்கு. 20 திரைகளில் காலைக் காட்சி வாங்குவதைவிட, கதை நடக்கும் ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஐந்தாறு திரைகளில் மாலைக் காட்சி கேட்டு வாங்கி, முன்பதிவை நிரப்புவது மேல். முன்பதிவு காலியாக இருந்தால் வெள்ளி மதியத்துக்குள் காட்சியைத் தூக்கிவிடுவார்கள்.

திரைப்பட விழாவை விருதுக்காக மட்டும் அணுக வேண்டியதில்லை. கோவாவில் ஆண்டுதோறும் நவம்பரில், இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவை ஒட்டி என்.எஃப்.டி.சி. (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையில் விற்பனை முகவர்களையும் விழாத் தேர்வாளர்களையும் நேரில் சந்திக்கலாம். ஆனால் விழாப் பாதைக்குப் பொறுமையும் கையிருப்பும் வேண்டும். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வென்ற ‘கூழாங்கல்’, சோனி லிவ் தளத்தின் வழியாகப் பொதுப் பார்வையாளரை அடைந்தது 2023 அக்டோபரில்தான். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாதந்தோறும் சான்றிதழ் வழங்கும் இணைய ‘விழா’க்களில் போடும் பணம் வீண், அந்த இலச்சினைகளை எந்த வாங்குபவரும் மதிப்பதில்லை.

பெரிய ஓ.டி.டி. தளங்கள் அறிமுகமில்லாத தயாரிப்பாளரிடம் நேராக வாங்குவது அரிது. இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டியிருக்கும். மொத்த விலை படியாவிட்டால், பார்ப்பதற்கு ஏற்பப் பங்கு தரும் தளங்கள் இருக்கின்றன. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ், முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய் வாங்கி அதில் பாதியைத் தயாரிப்பாளருக்குத் தரும் முறையோடு வந்தது. எந்தத் தளமானாலும் முதலில் கேட்பது இசையமைப்பாளர், பாடலாசிரியர், எழுத்தாளர் ஆகியோரின் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைத்தான். நண்பர் என்பதற்காக வாய்ப்பேச்சாக விட்ட ஒரு பாடலால் வியாபாரம் முழுவதும் நின்றுபோகும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துவிட வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று அந்தப் பிரிவு கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற வரியோடு, இந்த ஓராண்டுப் பாதுகாப்பை நீக்கும் வரியும் ஒப்பந்தப் படிவங்களில் நுழைந்திருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தேடிப் பார்த்து அடித்து நீக்கச் சொல்ல வேண்டும். மறுத்தால், அதற்கென்று தனி விலை கேட்க வேண்டும்.