கருவியைப் பிடுங்கியதும் கணினி நின்றுவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் எடை மேடைக் கணினி ஒரு மணி நேரம் நின்றாலும் வாசலில் வண்டிகள் தேங்கிவிடும். ஒரு பருவத்தில் அப்படியோர் எடை மேடை அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அன்று காலையிலிருந்து ஐந்தாவது முறையாகக் கணினி நீலத்திரையில் நின்றிருந்தது. “அண்ணா, எடை வரல, அதான் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன், வேற ஒண்ணும் பண்ணல” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் சொன்னது உண்மைதான். எடை காட்டும் கருவியின் சீரியல் கேபிளை யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டரை, எடை மென்பொருள் திறந்திருக்கும்போதே அவர் கழற்றியிருந்தார்.

இத்தகைய சமயங்களில் பெரும்பாலானோர் முதலில் செய்யும் தவறு, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை மீண்டும் நிறுவுவது. யூஎஸ்பி கருவியைக் கழற்றினால் கணினி விழக் கூடாது என்பதுதான் விதி. நாம் முறைப்படி நீக்கச் சொன்னால், இயங்குதளம் அந்தக் கருவியின் டிரைவரிடம், அதாவது கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளிடம், முதலில் இசைவு கேட்கிறது. சொல்லாமல் பிடுங்கினால், கருவி போய்விட்டது என்ற செய்தியைப் பின்னர் தெரிவிக்கிறது. விண்டோஸ் 2000 முதல் இந்த இரண்டாவது வழியும் உண்டு. அந்தச் செய்தி வந்த பிறகும், இல்லாத கருவியோடு பேச முயலும் டிரைவரும், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும் டிரைவரும் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இயங்குவதால், சேதம் பரவாமல் தடுக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நாம் காணும் நீலத்திரை அதுதான். குறை டிரைவரில் இருக்க, விண்டோஸை அழித்து நிறுவிவிட்டுப் பழைய குறுந்தகட்டிலிருந்து அதே டிரைவரையே மறுபடி ஏற்றினால், நாள் ஒன்று வீணாவதைத் தவிர வேறெதுவும் மாறாது.

அடுத்தது சான்றை அழிக்கும் தவறு. என் கணிப்பில் இதுவே மிகப் பெரியது. நீலத்திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தின் நிலை வட்டில் எழுதப்படுகிறது. அது முதலில், ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜிங் கோப்பில் பதிந்து, கணினி மறுபடி எழும்போதுதான் தனிக் கோப்பாகிறது. பொறுமையின்றிப் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பவர்கள் அந்தப் பதிவை இழக்கிறார்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜிங் கோப்பையே நிறுத்தி வைத்தவர்களுக்குப் பதிவே கிடைப்பதில்லை. அந்த எடை மேடைக் கணினியில் முந்தைய நாள் யாரோ ‘கிளீனர்’ மென்பொருள் ஒன்றை ஓட்டியிருந்தார்கள். அது சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும், இந்தப் பதிவுகள் சேரும் மினிடம்ப் கோப்புறையைத் துடைத்துவிட்டிருந்தது. அன்று நடந்த ஐந்து நிறுத்தங்களிலும் பவர் பட்டனை அழுத்தியிருந்தார்கள். ஆகவே, கன்வெர்ட்டரை நானே ஒருமுறை பிடுங்கி, ஆறாவது நீலத்திரையை வரவழைத்து, விழுக்காடு நூறாகும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படிக் கிடைத்த கோப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் என்ற பிழையாய்வுக் கருவியில் திறந்தபோது, கன்வெர்ட்டரின் டிரைவர் பெயரே முன்னால் வந்து நின்றது.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைப் பார்ப்பவர்களும் அதைத் தவறாகப் படிப்பதுண்டு. சிஸ்டம் பதிவில் கர்னல் பவர் என்ற பெயரில் வரும் 41 என்ற எண்ணைக் கண்டதும், மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊரில், பவர் சப்ளை போய்விட்டது என்று புதியது வாங்கி மாட்டிவிடுகிறார்கள். முறையாக நிறுத்தப்படாமல் கணினி மறுபடி எழுந்தது என்பதைத் தவிர அந்த 41 வேறெதையும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதிக்குள் பக்செக் கோட் (பிழை எண்) என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 0 இருந்தால் மின்சாரம் போயிருக்கலாம், கணினி உறைந்தும் போயிருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. 159 என்றால் உறக்கநிலைக்குப் போகையிலோ எழுகையிலோ ஒரு டிரைவர் சரியாக ஒத்துழைக்கவில்லை. 254 என்றால் யூஎஸ்பி டிரைவரில் பிழை. 122 என்றால் கர்னலுக்குத் தேவையான தரவை வட்டிலிருந்து படிக்க முடியவில்லை, ஆகவே உள்ளே இருக்கும் வட்டின் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. அதே பதிவில் டிஸ்க் என்ற பெயரில் 157 இருந்தால், வட்டு ஒன்று எதிர்பாராமல் நீங்கியது என்று பொருள்.

அந்த 157-ஐக் கண்டதும், பிடுங்கினாயா என்று பணியாளரைக் கடிந்துகொள்வது சரியல்ல. யூஎஸ்பி 2 போர்ட் தரும் மின்னோட்டம் 500 மில்லியாம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் தருவது 900 மில்லியாம்பியர். அதற்கு மேல் இழுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை முன்பக்கப் போர்ட்டில் நீண்ட கேபிளில் சொருகினால், யாரும் தொடாமலே அது அறுந்து அறுந்து சேரும்.

கருவி பயன்பாட்டில் இருக்கிறது, இப்போது நீக்க முடியாது என்று விண்டோஸ் மறுத்த பின்னும் பிடுங்குவது மற்றொரு தவறு. எந்த நிரல் தடுக்கிறது என்பதை அதே சிஸ்டம் பதிவில் 225 என்ற எண்ணின் கீழ் பெயரோடு காணலாம். அந்த நிரலை மூடினால் போதும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து யூஎஸ்பி சேமிப்பகங்களுக்கு ‘விரைவு நீக்கம்’ இயல்பாகவே அமைந்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் பிடுங்குவதற்கு அது பாதுகாப்பல்ல. லினக்ஸில் நகலெடுப்பு முடிந்ததாகத் தெரிந்த பிறகும் தரவு நினைவகத்தில் காத்திருக்கக்கூடும் என்பதால், அன்மவுண்ட் செய்யாமல், அதாவது முறைப்படி நீக்கச் சொல்லாமல், கழற்றவே கூடாது.

கணக்குக் கோப்புகள் உள்ள பென் டிரைவை இப்படிப் பிடுங்கியபின் மீண்டும் சொருகும்போது, ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று வரும் செய்திக்குச் சரி என்று அழுத்திவிடாதீர்கள். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளில் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது. அதனால் பாதியில் அறுந்த பதிவைத் தானாகச் சரிசெய்ய அவற்றுக்கு வழியில்லை. விண்டோஸின் வட்டுச் சோதனை நிரலான செக் டிஸ்க்கையும் உடனே ஓட்ட வேண்டாம். அது கோப்பு அமைப்பைத்தான் ஒழுங்குபடுத்தும். உங்கள் கணக்கு, பெயரற்ற துண்டுகளாக ஃபவுண்ட் என்ற கோப்புறைக்குள் போய் விழக்கூடும். முதலில் முழு டிரைவையும் அப்படியே பிம்பமாக நகலெடுத்துவிட்டு, மீட்பு முயற்சியை அந்த நகலின் மேல் செய்யுங்கள்.

ஷட்டவுன் செய்துவிட்டுத்தானே கழற்றினேன் என்று கேட்பவர்களுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதி இயங்கும் கணினியில், ஷட்டவுன் செய்யும்போது கர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டுக் காலையில் அப்படியே எழுப்பப்படுகிறது. இரவில் கழற்றிய கருவி இன்னும் இருப்பதாகவே எண்ணி எழும் சரியில்லாத டிரைவர் தடுமாறுவதற்கு இது போதும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுமையாக நிற்கும். ரேம், கார்டு போன்ற உட்பாகங்களைத் தொடுவதாயிருந்தால் அதன் பிறகு பவர் கேபிளையும் சுவரிலிருந்து எடுத்தாக வேண்டும். கணினி நின்ற பிறகும் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

எடை மேடைக்கு வருகிறேன். இளைஞர் கேபிளைப் பிடுங்கத் தொடங்கியதற்கான காரணம், ஒருமுறை கன்வெர்ட்டரை வேறு போர்ட்டில் சொருகியதால் விண்டோஸ் அதற்குத் தந்திருந்த காம் எண் (சீரியல் போர்ட்டின் எண்) 3 என்பது 4 ஆக மாறி, மென்பொருள் பழைய எண்ணிலேயே எடையைத் தேடிக்கொண்டிருந்ததுதான். பழைய டிரைவரை நீக்கி, வேறு சிப் உள்ள கன்வெர்ட்டரை மாட்டி, டிவைஸ் மேனேஜரில் அதற்குக் காம் 3 என்றே எண் கொடுத்தேன். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாமல், முதலில் கன்வெர்ட்டரையும் டிரைவரையும் மாற்றி, மென்பொருள் திறந்திருக்கையில் மூன்று முறை பிடுங்கிப் பார்த்து நீலத்திரை வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே எண்ணை மாற்றினேன். அந்தப் போர்ட்டைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி, ‘மென்பொருளை மூடிய பின் கழற்றவும்’ என்று இளைஞரே எழுதிவைத்தார்.