எதிரெதிர் குணம், ஒரே ஐஸ் அரங்கம்: கல்லூரி விளையாட்டுக் காதல் நாவல் எழுதத் தொடங்குவது எப்படி?

கல்லூரி விளையாட்டுக் காதல் கதைகளை நான் மனமார விரும்பிப் படிப்பவள். இந்த வகையில் முதல் நாவல் எழுத உட்காருபவர்களுக்காக, இங்கேயே ஒரு கதையைப் படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம். களம், இந்தக் கதைகள் அதிகம் நடக்கும் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி.

படி 1: முதலில் காலண்டர்

நாயகன், நாயகிக்குப் பெயர் வைப்பதற்கு முன் ஆட்டப் பருவத்தைத் தாளில் எழுதுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல்நிலைப் பிரிவான டிவிஷன் 1 ஆண்கள் ஹாக்கி அக்டோபரில் தொடங்கும். பெரும்பாலும் வெள்ளி, சனி இரண்டு இரவும் ஆட்டம். பல வாரங்களில் இரண்டு நாளும் அதே எதிரணிதான். வெள்ளியன்று அவமானப்பட்டவன் சனியன்று அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? மார்ச்சில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் குழு) போட்டிகள் முடிந்ததும் 16 அணிகள் மோதும் தேசியப் போட்டி. அதில் ஒரு தோல்வி என்றால் பருவமே முடிந்தது. மிஞ்சும் நான்கு அணிகள் ஏப்ரலில் ‘ஃப்ரோஸன் ஃபோர்’ சுற்றில் ஆடும்.

பாஸ்டன் நகரில் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் ‘பீன்பாட்’ என்ற ஹாக்கிப் போட்டி நடக்கும். பாஸ்டன் யுனிவர்சிட்டி, பாஸ்டன் காலேஜ், ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கு கல்லூரிகள் மட்டுமே 1952 முதல் அதில் மோதுகின்றன. உங்கள் கல்லூரி கற்பனை என்றால் அதை பீன்பாட்டுக்குள் நுழைக்காதீர்கள், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அதே மாதிரி ஒரு உள்ளூர்ப் போட்டியை நீங்களே உருவாக்குங்கள்.

படி 2: முரணை மனசுக்குள் வையுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். அவன் பார்ட்டி போவான், அவள் நூலகத்தில் இருப்பாள். அவன் கறுப்பு ஜாக்கெட், அவள் பூப்போட்ட கவுன். இதெல்லாம் பழக்கமும் உடுப்பும்தான். நாலு அத்தியாயத்தில் தீர்ந்துபோகும். உயிர் பிழைக்க இருவரும் கற்றுக்கொண்ட வழியே எதிரெதிராக இருந்தால்தான் கதை கடைசிவரை ஓடும்.

நம் நாயகன் கோல்கீப்பர். கோல் விழுந்தால், ஆட்டத்தை மறுபடி தொடங்க நடுவர் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) போடுவதற்குள் அதை மறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்ததும் உள்ளே போகும். சிறுவயதிலிருந்து மறக்கப் பழகியவன். நாயகி மாணவர் பத்திரிகையின் விளையாட்டு நிருபர். எதையும் தேதியோடு குறித்து வைப்பவள். அவள் அப்பா சொன்னதையெல்லாம் சொல்லவே இல்லை என்று சாதிப்பவராக இருந்தார். அதனால் வந்த பழக்கம். தோற்ற ஓர் இரவு, அரங்கின் பின்வாசலில் இருவரும்:

“நாலாவது கோல் உன் இடது தோளுக்கு மேலே போச்சு. முதல் கோலும் அங்கேதான்.”

“எது நாலாவது?”

“ஆட்டம் முடிஞ்சு இருபது நிமிஷம்தான் ஆகுது!”

“ஆமா. இருபது நிமிஷம் ஆயிடுச்சு.”

ஒரே இருபது நிமிஷம். அவளுக்கு இப்போதுதான் நடந்தது, அவனுக்கு அது பழங்கதை. அவளுக்கு எரிச்சல் வரும், அதோடு கொஞ்சம் பொறாமையும். அந்தப் பொறாமையில்தான் ஈர்ப்பு தொடங்குகிறது: தன்னிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருக்கிறது.

படி 3: தடை நிஜமாக இருக்கட்டும்

டியூஷன் சொல்லிக்கொடுக்க வரும் நாயகியை நிறையப் பார்த்திருப்பீர்கள். படிப்பில் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி இல்லாத மாணவர் ஆட முடியாது என்ற விதியிலிருந்து வந்தது அது. தாராளமாகப் பயன்படுத்தலாம். நம் கதைக்கு அதைவிடக் கூர்மையான தடை ஒன்று தானாகவே கிடைத்திருக்கிறது. காதலிக்கும் ஆட்டக்காரனைப் பற்றி நிருபர் செய்தி எழுதக் கூடாது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், மறைத்தால் அவள் நம்பும் நேர்மை போகும். வில்லியோ பழைய காதலியோ தேவையே இல்லை.

படி 4: இரண்டு குரல்

இந்த வகையில் அத்தியாயத்துக்கு ஒருவராக இருவரும் தன்மையில் (‘நான்’ என்று) பேசுவது வழக்கம். தலைப்பில் இருக்கும் பெயரை விரலால் மறைத்துவிட்டு ஒரு பத்தி படியுங்கள். பேசுவது யார் என்று தெரிகிறதா? அவனுக்கு நிகழ்காலம், சின்ன வாக்கியம். அவளுக்குத் தேதி, காரணம், அடைப்புக்குறிக்குள் இன்னொரு காரணம். தெரியவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

படி 5: ஆட்டக் காட்சிகள்

நாவல் முழுக்க மூன்று நான்கு ஆட்டங்களை விரிவாக எழுதினால் போதும், மற்றவை ஸ்கோராக வந்து போகட்டும். ஒவ்வொன்றும் காதலில் எதையாவது நகர்த்த வேண்டும். என்.எச்.எல். என்ற தொழில்முறை ஹாக்கி லீக்கைப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கல்லூரி ஆட்டத்தில் முகம் முழுக்க மறைக்கும் கவசம் கட்டாயம். கைகலப்பு செய்தால் ஐந்து நிமிடம் தண்டனையாக வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவர முடியாது, ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுவார்கள். தேசியப் போட்டியில் சமன் ஆனால் கோல் விழும்வரை 20 நிமிடக் கூடுதல் சுற்றுகள் தொடரும். அந்த நீண்ட இரவை உங்கள் முக்கியமான காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பிரிவு

என்.எச்.எல். அணி ஒன்று டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) தேர்ந்தெடுத்த பிறகும் ஹாக்கி வீரர் கல்லூரியில் தொடரலாம். கல்லூரி அணி தோற்று வெளியேறிய சில நாளிலேயே ஒப்பந்தம் போட்டுக் கிளம்புபவர்களும் உண்டு. நம் மூன்றாமாண்டு கோல்கீப்பர் மார்ச் கடைசியில் தோற்கிறான், போன் வருகிறது, சரி என்கிறான். பட்டம் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று டிசம்பரில் அவளிடம் சொன்னது அவனுக்கு நினைவில் இல்லை. அவளுக்கு அது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. முரண் சரியாக அமைந்திருந்தால் பிரிவு இப்படி அதற்குள்ளிருந்தே வரும். யாரோ எதையோ ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சேரும்போது ஒருவர் மற்றவராக மாறிவிடக் கூடாது. அவன் ஒரே ஒரு நாளை முழுசாக நினைவில் வைத்திருந்து சொல்லட்டும்; அவள் ஒரு பக்கத்தைக் கிழிக்கட்டும். அவ்வளவு போதும்.

படி 7: தொடர்

நம் பத்திரிகைத் தொடர்கதை போல ஒரே ஜோடியைத் தொங்கலில் விட்டு ‘தொடரும்’ போடும் வகை இல்லை இது. புத்தகத்துக்கு ஒரு ஜோடி, அந்த ஜோடிக்கு மகிழ்ச்சியான முடிவு. எந்தப் புத்தகத்தில் நுழைந்தாலும் புரிய வேண்டும். இணைப்பு அணியும் ஆட்டக்காரர்கள் சேர்ந்து தங்கும் வீடும்தான். ஒவ்வொருவரின் வயது, ஆண்டு, ஜெர்ஸி எண்ணை ஒரு நோட்டில் குறியுங்கள். கல்லூரிக்கு முன் ஜூனியர் லீக் (இளைஞர் ஹாக்கி) ஆடிவிட்டு வருவதால் முதலாண்டு மாணவனுக்கு 20, 21 வயதுகூட இருக்கலாம்.

அடுத்த நாயகன் யார்? நம் கோல்கீப்பர் போனதும் கோல் வலைக்கு முன் இடம் காலி. முதல் புத்தகம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, மாறி வருபவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மாற்று கோல்கீப்பர் இருக்கிறானே, அவன்தான். முதல் புத்தகத்தில் அவனுக்கு மூன்று காட்சி கொடுங்கள், மூன்றிலும் அவனுக்கென்று ஏதாவது ஒரு ஆசை இருக்கட்டும். ஜோக் அடிக்க மட்டும் அவனைக் கூப்பிடாதீர்கள்.