கார்க் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டபோது

டொராண்டோவில் உறைபனி மழை பெய்த மறுநாள் காலை, காரின் நான்கு கதவும் திறக்கவில்லை. பூட்டில் கோளாறு இல்லை. ஓரத்து ரப்பர்தான் ஐஸில் ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன். கண்ணாடி விரிசல் விட்டால் யார் பணம் கொடுப்பது? ஊற்றிய தண்ணீரும் உடனே உறையும்.

கைப்பிடியை இழுக்காமல், கதவை இடுப்பால் உள்பக்கமாக அழுத்தி அழுத்தி விட்டேன். விளிம்பில் ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்டது. பின்கதவுதான் முதலில் திறந்தது. குளிர்கோட்டோடு அதன் வழியே முன்சீட்டுக்கு ஊர்ந்தது தனிக் கூத்து! ஹீட்டர் சூடேறியதும் மற்றவை தானாக விட்டன.

அன்று மாலையே ரப்பரைத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துச் சுற்றிலும் பூசினேன். ஈரம் ஒட்டாது. சாதாரண கிரீஸ் பூசாதீர்கள், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.