மந்திரம் பலிக்கவில்லை: போட்டவருக்கு என்ன தெரியும்?

கோத்தகிரியில் ஞாயிறு மதியம் மூடுபனி இறங்கினால் எங்கள் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட டைஸ் வெளியே வந்துவிடும். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகி, டைஸ் உருட்டி ஆடும் ஆட்டம் அது. போன வாரம் கதை ஒரு பழைய தேயிலை ஃபேக்டரியில். இலை வாடப்போடும் மாடிக்கு ஏற வேண்டும், வாசலில் காவல்காரர். தம்பி, ஆளை மயக்கி நட்பாக்கும் ‘சார்ம் பர்சன்’ மந்திரத்தை அவர்மேல் போட்டான். உருட்டிப் பார்த்து, “ஒன்றும் ஆகவில்லை” என்றேன். “அவர் தப்பிச்சிட்டாரா, இல்ல அவர்மேல மந்திரமே ஏறாதா அண்ணா?” என்று கேட்டான். இதற்குக் கதையை நடத்தும் கேம் மாஸ்டரிடம் பதில் இருக்க வேண்டும். புதிதாக நடத்துகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: எப்படித் தோற்றது என்று பாருங்கள். நெருப்பை எறியும் ஃபயர் போல்ட் மந்திரம் குறி தவறினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சேவிங் த்ரோ (மந்திரத்திலிருந்து தப்ப எதிராளிக்காக உருட்டும் டைஸ்) கேட்கும், மனதைத் தொடும் மந்திரங்களில்தான் சிக்கல்.

படி 2: எந்த விதி என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பில் (2003), ஒருவரைக் குறிவைத்துப் போட்ட மந்திரத்தை அவர் சேவ் செய்துவிட்டால், போட்டவர் அதை உணர்வார். ஓர் இடம் முழுக்கப் பரவும் மந்திரம் என்றால் உணர மாட்டார். தப்பித்தவருக்கும் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும்.

ஐந்தாம் பதிப்புக்காக 2017இல் வந்த ‘சனத்தார்ஸ் கைடு டு எவ்ரிதிங்’ என்ற விதிநூல் இன்னும் நுட்பமானது. சார்ம் பர்சன் மனித வகையினர்மேல்தான் பலிக்கும். அந்தக் காவல்காரர் உண்மையில் ஒரு பேய் என்று வையுங்கள். அப்போதும் அவர் சேவ் செய்தது போலவே தோன்றும். மந்திரம் போடச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட்டும் போய்விடும். ஆக, தம்பி கேட்டது அவன் பாத்திரத்துக்குத் தெரியவே தெரியாது. கதையின் ரகசியம் காப்பாற்றப்படுவதால் எங்கள் மேசையில் இனி இதுதான் விதி.

படி 3: ஆடுகிறவர்கள் பார்க்காதபடி, திரைக்குப் பின்னால் உருட்டுங்கள். பேயாக இருந்தாலும் சும்மாவாவது உருட்டுங்கள், சத்தம் கேட்கட்டும்.

படி 4: “ஒன்றும் ஆகவில்லை” என்று மட்டும் நிறுத்தாதீர்கள். நான் திருத்திச் சொன்னது இது: “ஈர விறகில் தீக்குச்சி வைத்த மாதிரி, மந்திரம் ஒரு கணம் பற்றி அணைந்துவிட்டது.” அப்புறம் எதிராளியைக் கவனியுங்கள். சார்ம் பர்சனுக்கு வாயால் சொல்லவும் வேண்டும், கையை அசைக்கவும் வேண்டும். பலிக்காவிட்டாலும் அது காதில் விழும், கண்ணில் படும். எங்கள் காவல்காரர் மஃப்ளரை இறக்கிவிட்டு, “என்னங்க தம்பி, என்னைப் பார்த்து என்னமோ முணுமுணுக்கறீங்க?” என்றார். தம்பி டைஸைக் கீழே வைத்துவிட்டு, வழி தவறி வந்த கதையை அளக்க ஆரம்பித்தான்.